இரண்டாவது குரல்

(இசை ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவல் என்ற புளூஸ் பாடகரின் ஒலிப்பதிவுகள். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி எடுத்துப் பிழைத்த கறுப்பின விவசாயி அவர். ஐம்பது வயதைத் தாண்டும்வரை அவர் குரலை எந்த இயந்திரமும் பிடித்து வைக்கவில்லை. 1959இல் முதல் பதிவு. 1972இல் மரணம். இடையில் இருப்பது பதின்மூன்றே ஆண்டுகள். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் பாட்டு கடல் தாண்டிப் போய்விட்டது.

புளூஸ் என்றதும் நம் மனத்தில் ஒரு படம் எழும். ஓர் ஆள், ஒரு கிட்டார், யாருமில்லாத சாலை. புத்தகங்களும் இசைத்தட்டு அட்டைகளும் நமக்குப் பழக்கிவைத்த படம் இது. அந்தப் படத்தை ஒரு மணி நேரத்துக்கு ஓரமாக வைத்துவிட்டு, தட்டுகளை மட்டும் கேளுங்கள். மெக்டவல் அங்கே தனியாக இருக்கிறாரா? இல்லை. எந்தப் பதிவை எடுத்தாலும் பக்கத்தில் இன்னொரு குரல் இருக்கிறது. அந்த இரண்டாவது குரல் யாருடையது? இதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு முழுதும் நடக்கப்போகிறோம்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாக, தென்பகுதிக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் போன்ற தொழில் நகரங்களுக்குக் கிளம்பினார்கள். பாட்டும் அவர்களோடு ரயிலேறியது. மடி வாட்டர்ஸ் என்ற டிராக்டர் ஓட்டுநரை 1941இல் ஒரு மிசிசிப்பி பண்ணையில் பதிவு செய்தவர், நாட்டுப்பாடல்களைத் தேடித் தேடிப் பதிந்த ஆலன் லோமாக்ஸ். இரண்டே ஆண்டுகளில் மடி வாட்டர்ஸ் சிகாகோ போய்ச் சேர்ந்தார். மின்சாரக் கிட்டார், டிரம்ஸ், பெரிய ஒலிபெருக்கி என்று புளூஸின் முகமே மாறியது. போனவர்களின் கதை இது. போகாதவர்கள்? நிலத்தை விட்டு நகராதவர்கள்? அவர்களும் சனிக்கிழமை ராத்திரிகளில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்க மைக் இல்லை, அவ்வளவுதான். போருக்குப் பிந்தைய கிராமத்து புளூஸ் என்று இன்று நாம் பேசுவது, பெரும்பாலும் அந்தப் போகாதவர்களின் பாட்டைத்தான்.

மெக்டவல் பிறந்தது டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸ் நகரத்துக்குக் கிழக்கே ராஸ்வில் என்ற சிற்றூரில். பிறந்த ஆண்டு 1904 என்றும் 1906 என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். ஏர் பிடித்தார், மெம்ஃபிஸில் கால்நடைத் தீவன ஆலையில் மூட்டை தூக்கினார், பிறகு பருத்தி எடுக்க மிசிசிப்பிக்கு வந்தார், 1940ஐ ஒட்டி கோமோ என்ற ஊரில் நிலைகொண்டார். நெடுங்காலம் சொந்தமாக ஒரு கிட்டார்கூட அவரிடம் கிடையாது. யாராவது கொடுத்தால் வாங்கி வாசிப்பார், வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இந்தக் கோமோ எங்கே இருக்கிறது? மெம்ஃபிஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம். மிசிசிப்பி டெல்டா என்பது ஆற்றங்கரைச் சமவெளி, தட்டையான கரிசல் பூமி. கோமோ அதற்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே நிலம் மேடு பள்ளமாக உருளத் தொடங்கிவிடும். வடமிசிசிப்பிக் குன்றுப் பகுதி என்பார்கள். நாணல் குழலும் முரசும் சேர்ந்து ஊர்வலமாக வாசிக்கும் பழைய வழக்கம் அங்கே உயிரோடு இருந்தது. ஒரே தாளத்தை விடாமல் சுழற்றிச் சுழற்றி வாசித்துக் கேட்பவர்களைக் கிறங்க வைக்கும் வாசிப்பு. மெக்டவலின் கிட்டாரிலும் அந்தச் சுழற்சி இருக்கிறது. ஆனால் தட்டு வெளியிட்டவர்கள் அட்டையில் என்ன போட்டார்கள்? டெல்டா புளூஸ் என்று போட்டார்கள். டெல்டா என்றால் விற்கும். ஆள் குன்றுப் பகுதிக்காரர், அட்டை சமவெளி அட்டை. இது முதல் பாடம்: பதிவைக் கேளுங்கள், அட்டையை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சரி, அந்த முதல் பதிவு எப்படி நடந்தது?

1959 செப்டம்பர். லோமாக்ஸ் ஐரோப்பாவிலிருந்து திரும்பி, தென்பகுதிக்கு மறுபடியும் புறப்பட்டிருந்தார். கையில் புதிய ஆம்பெக்ஸ் ஸ்டீரியோ நாடாக் கருவி. உடன் வந்தவர் ஷெர்லி காலின்ஸ், இருபத்து நான்கு வயது இங்கிலாந்துப் பாடகி. கோமோவுக்குப் பக்கத்தில் லோனி யங், எட் யங் சகோதரர்களின் குழலையும் முரசையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரம். மரங்களுக்கு இடையிலிருந்து வேலைக்குப் போட்ட உடையோடு, கையில் கிட்டாரோடு, ஒல்லியான ஒருவர் வந்தார். பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர். காலின்ஸுக்கு முதலில் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்ததாம். பழைய வாத்தியக்காரர்களைத் தேடி வந்த இடத்தில், இவர் யார் குறுக்கே? பாட ஆரம்பித்தார். எரிச்சல் போன இடம் தெரியவில்லை. லோமாக்ஸ் தம் குறிப்பேட்டில் ஒரே ஒரு சொல்லைத்தான் எழுதினாராம், குறையே இல்லை என்ற பொருளில்.

அடுத்து வந்த ராத்திரிகளில் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஏன் ராத்திரி? பகலில் பருத்தி எடுக்க வேண்டும். அறுவடை நேரம். லோமாக்ஸுக்காக வயல் காத்திருக்குமா? பதிந்ததைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது மெக்டவல் தாழ்வாரத்தில் குதித்தார், சிரித்தார், மனைவி ஆனி மேயைக் கட்டிக்கொண்டார் என்று காலின்ஸ் பின்னாளில் எழுதினார். இனி நல்ல காலம் பிறந்துவிடும் என்று அந்த மனிதர் நம்பினார். நல்ல காலம் பிறந்ததா என்பதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது பாட்டுக்குள் போவோம். முதல் இரண்டாவது குரல் எது தெரியுமா? அவர் கையில் இருந்த கிட்டாரேதான்.

மெக்டவல் வாசித்தது ஸ்லைடு முறை. தந்தியை விரலால் அழுத்தாமல், அதன் மேல் ஒரு வழுவழுப்பான பொருளை வைத்து இழுப்பது. நம் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையோ வேறு கட்டையோ தந்தியின் மேல் வழுக்கிப் போகிறதே, அந்த வேலைதான். சிறு வயதில் அவர் மாமா ஒருவர் மாட்டு எலும்பை வழுவழுப்பாகத் தேய்த்து அதனால் வாசித்ததைப் பார்த்தாராம். இவர் முதலில் பேனாக்கத்தியை வைத்து இழுத்தார். பிறகு கண்ணாடிப் புட்டியின் கழுத்தை வெட்டி மோதிர விரலில் மாட்டிக்கொண்டார். கத்தியைவிடக் கண்ணாடியில் ஒலி தெளிவாகவும் உரக்கவும் வந்தது.

கூர்ந்து கேளுங்கள். கட்டைவிரல் கீழ்த்தந்தியில் ஒரே சுருதியை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். சிகாகோ பாட்டுகளைப் போல, பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட சுற்றுக்குள் ஸ்வரக்கூட்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுதி, மாறிக்கொண்டே இருக்காது. பல பாட்டுகளில் முழுதும் ஒரே ஸ்வரக்கூட்டுத்தான். அதன் மேல் கண்ணாடிக் குழாய் ஏறி இறங்கும். மெக்டவல் ஓர் அடியைப் பாடத் தொடங்குவார். பாதியில் வாயை மூடிக்கொள்வார். மீதிப் பாதியை யார் பாடுவது? கிட்டார் பாடும். சொல்லின் நீட்டல், தேய்தல், மூச்சு விடுதல் எல்லாம் தந்தியில் வரும். சொல் காதில் விழாது. ஆனால் என்ன சொல் என்று நமக்குத் தெரிந்துவிடும். 'ரைட் மீ எ ஃபியூ லைன்ஸ்' என்ற பாட்டைக் கேளுங்கள். ஊருக்குப் போனதும் நாலு வரி எழுதிப் போடு என்று கேட்கும் பாட்டு. அதில் கெஞ்சுவது வாயா, தந்தியா? இரண்டும்தான். ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடும். தனி ஆள் பாட்டு என்று நாம் நினைத்தது இரண்டு பேர் உரையாடல்.

அடுத்த இரண்டாவது குரல்? அதே 1959 பதிவுகளில் 'ஷேக் எம் ஆன் டவுன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்டவலோடு மைல்ஸ் பிராச்சர் என்ற அண்டை வீட்டுக்காரர் இன்னொரு கிட்டார் வாசிக்கிறார். பின்னால் ரீங்காரமாக, கொஞ்சம் குறும்பாக, ஓர் ஒலி. எந்த வாத்தியம் அது? சீப்பு! ஆம், தலை வாரும் சீப்பு. ஃபேனி டேவிஸ் என்ற பெண்மணி சீப்பின் மேல் காகிதத்தைச் சுற்றி உதட்டில் வைத்து ஊதுகிறார். காசு போட்டு வாங்க முடியாத வாத்தியத்துக்குப் பதில் வீட்டில் இருக்கிற பொருள். லோமாக்ஸ் அதை ஒதுக்கவில்லை. அப்படியே பதிந்தார். நாட்டியமாடும் வீட்டுக்குள் நாமும் நுழைந்துவிட்டது போல் இருக்கிறது. சோகத்தின் தனிமைக் குரல் என்று புளூஸுக்கு இலக்கணம் எழுதியவர்கள் இந்தச் சீப்பை எங்கே வைப்பார்கள்?

இன்னும் ஓர் இரண்டாவது குரல் இருக்கிறது. இது கொஞ்சம் மறைந்திருக்கும் குரல். லோமாக்ஸ் காலத்து ஆர்வலர்கள் பலருக்கு ஓர் ஆசை இருந்தது. நகரத்தின் நிழல் படாத, ரேடியோவும் இசைத்தட்டும் தொடாத கிராமத்தானைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசை. மெக்டவல் அப்படிப்பட்டவரா? அவர் பாடிய பாட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். 'ஷேக் எம் ஆன் டவுன்' பாட்டை புக்கா ஒயிட் 1937இலேயே தட்டில் பாடியிருக்கிறார். 'குட் மார்னிங் லிட்டில் ஸ்கூல்கர்ல்' பாட்டை அதே 1937இல் பதிவு செய்தவர் சன்னி பாய் வில்லியம்சன். 'டிராப் டவுன் மாமா' 1935இல் ஸ்லீப்பி ஜான் எஸ்டிஸ் பாடிய தட்டு. 'கோகோமோ புளூஸ்' 1920களிலிருந்தே தட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. '61 ஹைவே' பாட்டுக்கும் 1932லிருந்து தட்டில் மூதாதையர் உண்டு.

அந்த '61 ஹைவே'யில் ஒரு வேடிக்கை பாருங்கள். கோமோ ஊர் வழியாகப் போவது 51ஆம் எண் நெடுஞ்சாலை. 61ஆம் எண் சாலை அங்கிருந்து மேற்கே, டெல்டாவின் ஊடே போகிறது. தன் வாசல் சாலையை விட்டுவிட்டு, பாட்டில் புகழ்பெற்ற சாலையைத்தான் மெக்டவல் பாடினார்! 1959வரை பதிவாகாத அந்தக் கிராமத்துப் பாடகரின் பாட்டுக்குள் முந்திய தலைமுறைப் பதிவுகள் குடியிருந்தன. இதனால் அவர் மதிப்பு குறைந்துவிட்டதா? ஒருக்காலும் இல்லை. கேட்ட பாட்டை வாங்கி, குன்றுப் பகுதியின் சுழல் தாளத்தில் போட்டு, ஸ்வரக்கூட்டுகளைக் கழித்து, கண்ணாடிக் குழாயால் அதைப் பேச வைத்தாரே, அங்கேதான் மெக்டவல் இருக்கிறார். கையில் வந்த மண்ணில் தன் பானையைச் செய்தவர் அவர்.

அன்பர்களே, இனி சனிக்கிழமையை விட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

புளூஸ் சாத்தானின் பாட்டு, தேவாலயச் சபைப் பாட்டு கடவுளுடையது, இரண்டையும் ஒரே வாய் பாடக் கூடாது என்பது அங்கே பலர் கட்டிக் காத்த விதி. மெக்டவல் வீட்டில் அந்த விதி செல்லுபடியாகவில்லை. 1964இல் பீட் வெல்டிங் என்பவரின் டெஸ்டமென்ட் நிறுவனம் வெளியிட்ட தட்டில் புளூஸ் பாட்டுகளும் உண்டு, பக்திப் பாட்டுகளும் உண்டு. பக்திப் பாட்டுகளில் உடன் பாடுவது யார்? ஆனி மே மெக்டவல். 1959இல் தாழ்வாரத்தில் கணவரின் பதிவைக் கேட்டு நின்ற அதே பெண்மணி. 1966இல் அதே நிறுவனம் கோமோவின் ஹண்டர்ஸ் சேப்பல் சபைப் பாடகர்களின் தட்டை வெளியிட்டது. மேடைக்கென்று பயிற்சி பெற்ற குரல்கள் இல்லை. பக்கத்துப் பெஞ்சுகளில் உட்காரும் குரல்கள். நடுவில் மெக்டவலின் கிட்டார். சனி இரவு ஆட்டத்துக்கு வாசித்த அதே கண்ணாடிக் குழாய், ஞாயிறு காலை ஆண்டவனுக்கு வாசிக்கிறது. கை ஒன்றுதான், தந்தி ஒன்றுதான்.

சபைக்கு வெளியிலும் இரண்டாவது குரல்கள் உண்டு. ஈலை கிரீன் என்ற மூத்த பாடகரிடம் மெக்டவல் பாட்டுக் கற்றார். கற்றவர் பெயரெடுத்த பிறகு என்ன செய்தார்? ஆர்ஹூலி என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் ஸ்டிராக்விட்ஸ் பதிவு செய்ய வந்தபோது, ஈலை கிரீனையும் மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார். ஜானி வுட்ஸ் என்ற ஹார்மோனிகாக்காரரோடு 1967இல் ஜார்ஜ் மிட்செல் என்பவர் செய்த பதிவுகளைக் கேளுங்கள். கிட்டாரும் ஹார்மோனிகாவும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடும். எது முன்னால், எது பின்னால் என்று பிரிக்க முடியாது. வாய்ப்பு வரும்போது பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிட்டு ஓடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர் பக்கத்தில் இருப்பவனையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

1969இல் கேபிடல் என்ற பெரிய நிறுவனம் அவர் தட்டை வெளியிட்டது. மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில், மலாகோ ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்தது. கையில் மின்சாரக் கிட்டார். பின்னால் பேஸ், டிரம்ஸ். தட்டின் பெயரோ, தான் ராக் அண்ட் ரோல் வாசிப்பதில்லை என்ற அறிவிப்பு! கிராமத்து புளூஸின் தூய்மை கெட்டுவிட்டது என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அவர்களைக் கேட்கிறேன்: சீப்பைச் சேர்த்துக்கொண்டவர் மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா? தாளத்தைக் கவனியுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் கோமோவில் கேட்ட அதே சுழற்சி. டிரம்ஸ்காரர் அவரைப் பின்தொடர்கிறார், அவர் டிரம்ஸைப் பின்தொடரவில்லை.

இப்போது காசுக்கு வருவோம். பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுக் காசைப் பற்றிப் பேசாமல் போவது நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாடகனின் வயிற்றைக் கேட்டால் எது நாகரிகம் என்று தெரியும்.

'யூ காட்டா மூவ்' என்று ஒரு பாட்டு. ஆண்டவன் கூப்பிடும் நாளில் இருப்பவனும் இல்லாதவனும் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்ற கருத்து. 1940களிலேயே சபைப் பாடகர்கள் தட்டில் பதிந்த பாட்டு. ரெவரெண்ட் கேரி டேவிஸ் என்ற பாடகரும் பாடியிருக்கிறார். மெக்டவல் அதை எடுத்து, குரல் போகிற இடமெல்லாம் ஸ்லைடும் கூடவே போகும்படி, அடிக்கு அடி நிழலாய் வாசித்து ஆர்ஹூலி தட்டில் தந்தார். 1969 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழு அலபாமாவில் மசில் ஷோல்ஸ் கூடத்தில் அந்தப் பாட்டைப் பதிந்தது. 1971இல் அது 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' தட்டில் வந்து உலகெங்கும் விற்றது.

காசு யாருக்கு? பெரிய குழு பாடினால் காசு தானாகக் கிராமத்துக்கு நடந்து போய்விடுமா? போகாது. ஸ்டிராக்விட்ஸ் விடவில்லை. வாதாடினார், வக்கீல் வைத்தார், உரிமைத் தொகையை வாங்கிக் கொடுத்தார். மெக்டவல் தம் வாழ்நாளில் பார்த்த பெரிய காசோலை அதுதான். அது வந்து சேர்ந்தபோது அவர் உடலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடை ஏறியவர், 1965இல் ஐரோப்பா முழுதும் சுற்றி வந்தவர், ஊர் திரும்பினால் கோமோவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1959 தாழ்வாரத்தில் அவர் நம்பிய நல்ல காலத்தின் கணக்கு இதுதான்.

ஒரு கேள்வி எழும். பாட்டே சபையின் சொத்து என்றால், மெக்டவலுக்கு மட்டும் ஏன் காசு? நியாயமான கேள்வி. பாட்டின் சொல் ஊர்ச்சொத்தாக இருக்கலாம். ஆனால் ஸ்டோன்ஸ் குழு எடுத்துக்கொண்டது சொல்லை மட்டுமா? அந்த நடை, அந்த ஸ்லைடு, குரலும் தந்தியும் ஒட்டிப் போகும் அந்தப் போக்கு, இவை மெக்டவலின் உழைப்பு. பொதுக் கிணற்றில் இறைத்தாலும் இறைத்தவனுக்குக் கூலி உண்டு. ஊர்ச்சொத்து என்ற பெயரைச் சொல்லிப் பாடகனின் கூலியை விழுங்கும் தந்திரம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. அதை எல்லா நாட்டிலும் எதிர்க்க வேண்டும்.

மெக்டவல் 1972 ஜூலை 3ஆம் தேதி மெம்ஃபிஸ் மருத்துவமனையில் காலமானார். கோமோவுக்கும் செனடோபியா என்ற ஊருக்கும் இடையில் ஹாமண்ட் ஹில் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கல்லில் பெயரை வெட்டினார்கள், எழுத்துப் பிழையோடு வெட்டினார்கள். 1993இல்தான் பிழையில்லாத புதுக்கல் வந்தது. அதற்கு உதவியவர்களில் பானி ரெய்ட் என்ற பாடகியும் ஒருவர். இளவயதில் மெக்டவலிடம் ஸ்லைடு கற்றவர். 1973இல், ஆசிரியர் இறந்த மறு ஆண்டே, 'ரைட் மீ எ ஃபியூ லைன்ஸ்' பாட்டையும் 'கோகோமோ புளூஸ்' பாட்டையும் இணைத்துத் தம் தட்டில் பாடினார். அதே குன்றுப் பகுதியில் மெக்டவலின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த ஆர். எல். பர்ன்சைட், பிற்காலத்தில் அந்தச் சுழல் தாளத்தை ராக் ரசிகர்களிடம் கொண்டுபோனார். யாருக்குப் பக்கத்திலும் இரண்டாவது குரலாக உட்காரத் தயங்காத மனிதருக்கு, பல இரண்டாவது குரல்கள் கிடைத்தன.

நண்பர்களே, முடிக்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் பலர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பதிவு செய்கிறீர்கள். கைபேசி இருந்தால் போதும் என்ற காலம். பதியுங்கள், நிறையப் பதியுங்கள். பதியும்போது பாடுகிறவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னால் கை தட்டியவர் பெயர் என்ன? அடியெடுத்துக் கொடுத்த பாட்டி பெயர் என்ன? இந்தப் பாட்டை அவர் யாரிடம் கேட்டார், ரேடியோவிலா, சினிமாவிலா, கோயில் வாசலிலா? எல்லாவற்றையும் எழுதுங்கள், பிழையில்லாமல் எழுதுங்கள். சீப்பு ஊதிய ஃபேனி டேவிஸின் பெயர் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் அன்று ராத்திரி அதைக் கேட்டு எழுதி வைத்ததால்தான் தெரிகிறது. அந்தப் பதிவு நாளைக்கு நாலு காசு சம்பாதித்தால், எழுதிவைத்த பெயர்களைத் தேடிப் போய்ப் பங்கைக் கையில் கொடுங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள்.